கொடியில் போட்ட துண்டு

உக்காருங்க மதாம். மொதல்ல உக்காருங்க. வாசப்படியில நின்னுகினே, சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு ஆதிலட்சுமின்னு சொல்லிட்டு அப்பிடியே மாடியேறிப் போயிடலாம்னு பாத்தீங்களா? பால்காரன்கிட்ட நாளைக்குப் பால் வேணாம்னு சொல்ற மாதிரி இருக்குது. உங்க வீட்டுக் கீழ் போர்ஷன்ல இத்தினி வருஷமா குடியிருக்கறோம். ஒரு நாளு உங்ககிட்ட குரல ஒசத்தியிருப்பனா? இன்னிக்கி ஒசத்துவேன். உக்காந்து கேட்டுட்டுப் போங்க.

இல்ல, அவரு இல்ல. விழுப்புரம் பஸ்ஸ எடுத்துகினு போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு. இராமதாசுகிட்டயே பேசிக்கறேன்னு எந்திரிக்காதீங்க. ஏன் அவருகிட்டதான் பேசணும்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதா? பெரிய மனுஷங்களப் பாத்தா அவருக்குக் கழுத்து தானா ஆடும். நீங்க பாதி சொல்றதுக்குள்ள சரிங்க மதாம்னுட்டு, சாமான் ஏத்த வண்டி பாக்கப் போயிடுவாரு. இந்த விஷயத்துல பேச வேண்டியது நான். எங்கிட்ட பேசுங்க.

வெற்றியா? உள்ள இருக்கான். சட்ட போட்டுகினு இருக்கான், போட்டு முடிக்காம வர மாட்டான். ஏன் கால மேல தூக்கி வெச்சிக்கறீங்க? பன்னெண்டு வயசுப் புள்ள மதாம் அது, பாம்பு இல்ல.

சரி, நேரா விஷயத்துக்கு வாங்க. வெள்ளையடிக்கணும், பின்பக்கத்து பாத்ரூம இடிச்சிக் கட்டணும், அதெல்லாம் சும்மா. ஞாயித்துக்கெழம உங்க ஜோவிதாவ பொண்ணு பாக்க மறுபடி வர்றாங்க, வேற மாப்ள வூட்டுக்காரங்க. அவங்க வர்றதுக்கு முன்ன நாங்க இந்த வீட்ல இருக்கக் கூடாது. அதான? அத வாயத் தொறந்து சொல்லிட்டுப் போங்களேன். எனக்கு யாரு சொன்னாவா? யாரு சொல்லணும்? மாடியில கேக்கு ஆர்டர் குடுக்கறது கீழ வரைக்கும் கேக்குது.

ஆமா, போன தடவ நடந்தது நடந்ததுதான். நான் இல்லன்னு சொன்னனா? பாரீசுலேர்ந்து லீவுல வந்த மாப்ள. அவங்க அம்மா, அக்கா, அக்கா வூட்டுக்காரரு. நீங்க அவங்கள மேல பின்பக்கத்து வராண்டாவுக்குக் கூட்டினு போயி, எங்க வூட்டுக்காரரு முசே இருந்தப்ப வெச்ச தென்னமரம், கோடையிலயும் வத்தாத கெணறுன்னு ஒண்ணொண்ணா காட்டிகினு இருந்தீங்க. அந்த நேரம் பாத்து எம்புள்ள கீழ பாத்ரூம் கதவத் தொறந்துகினு வந்தான். இடுப்புல கட்டியிருந்த துண்ட அவுத்தான். நல்லா ஒதறினான். கொடியில போட்டான். ரெண்டு பக்கமும் சமமா தொங்குதான்னு இழுத்துப் பாத்தான். பாத்துட்டு, ஒடம்புல பொட்டுத் துணி இல்லாம நடு முத்தத்துல நின்னுகினு, மேல இருக்கற உங்க எல்லாரையும் அண்ணாந்து பாத்து கை தட்டினான். அவங்க கேக்குல கை வெக்காம எந்திரிச்சிப் போனாங்க. எல்லாம் நெசம். நானும்தான் அன்னிக்கி சுவத்துல முட்டிகினு அழுதேன்.

என்னா சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க. பைத்தியமா?

மதாம், வயசுல பெரியவங்கன்னு பாக்கறேன். அந்த வார்த்தைய இன்னொரு தடவ என் வீட்டுக்குள்ள சொல்லாதீங்க. ஆமா, என் வீடுதான். சனிக்கிழம வரைக்குமாவது என் வீடுதான? அவன் பைத்தியம் இல்ல. அவனுக்கு ஆட்டிசம். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரு ஒக்கார வெச்சி வெளக்கமா சொன்னாரு. அன்னிக்கி அவன் கோளாறா ஒண்ணும் பண்ணல. என்னா சொல்லிக் குடுத்தமோ அத சொல்லிக் குடுத்த மாதிரியே பண்ணான். துண்டு எப்பிடிப் போட்டிருந்தான், பாத்தீங்கல்ல? உங்க வீட்டு வேலக்காரி ஒரு நாளாவது அவ்ளோ சுத்தமா போட்டிருக்காளா?

சிரிப்பு வரலையா உங்களுக்கு? எனக்கும் அப்ப வரல.

யாரு சொல்லிக் குடுத்ததுன்னா கேக்கறீங்க? போன்தான் சொல்லிக் குடுத்துது. முறைக்காதீங்க, நெசமாதான் சொல்றேன். அந்த ஒயரப் பத்தி அத்தினி தடவ சண்ட போட்டீங்களே, அது எதுக்குன்னு ஒரு தடவ கேட்டீங்களா? இப்ப கேளுங்க.

டாக்டரு சொன்னாரு, மெட்ராசுல ஒரு சென்டரு இருக்குது, இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குப் பல்லு வெளக்க, குளிக்க, துணி போட, எல்லாம் பழக்குவாங்கன்னாரு. வாரா வாரம் மெட்ராசுக்கு இவன இழுத்துகினு போவ முடியுமா? ஒரு தடவ போனோம். திண்டிவனம் தாண்டறதுக்குள்ள பஸ்ஸுல இருக்கறவங்க எல்லாம் எறக்கி வுட்டுடுங்கன்னு கண்டக்டர்கிட்ட கேக்கறாங்க. எம்புருஷன் டிரைவருன்றதால தப்பிச்சோம். அப்பறம் அந்த சென்டர்லயே சொன்னாங்க, நீங்க வர வேணாம், புள்ளையும் வர வேணாம், நாங்க போன்லயே உங்களுக்குச் சொல்லித் தர்றோம், நீங்க அவனுக்குச் சொல்லிக் குடுங்கன்னு. சிவசங்கரி மிஸ்ஸுன்னு பேரு. சின்னப் பொண்ணு, குரலு கேட்டாலே தெரியும். அதுவும் எழுதி வெச்சிப் படிக்கிற மாதிரி பயந்து பயந்து பேசும்.

நான் என்னா சொன்னேன் தெரியுமா மொத நாளு? ஏம்மா, நீ அங்க நாற்காலியில உக்காந்துகினு இருக்கற, நான் இங்க ஈரப் பொடவையோட நிக்கறேன், இவன் தண்ணியக் கண்டா ஊரக் கூட்டறான், நீ என்னாத்த போன்ல சொல்லிக் குடுக்கப் போறன்னு கத்தினேன். அப்பறம் மெதுவா கேக்குது, அம்மா, நீங்க எப்பிடிக் குளிப்பீங்கன்னு மொதலேர்ந்து கடைசி வரைக்கும் எனக்குச் சொல்லுங்கன்னு. எனக்கு வந்துச்சே கோவம். நான் எப்பிடிக் குளிச்சா உனக்கு என்னாடின்னு வெச்சிட்டேன்.

ஆனா மறுபடி அதுவே போன் பண்ணுச்சு. சொன்னேன். கதவ சாத்தி தாப்பா போடுவேன், துணிய ஆணியில மாட்டுவேன், தொட்டியிலேர்ந்து மொள்ளுவேன், இப்பிடியே. எல்லாத்தையும் சொல்லிட்டு, கடைசியா துணி மாத்தினு வெளிய வந்து துண்டக் கொடியில போடுவேன்னு முடிச்சேன். அப்ப சொல்லுச்சு, அங்கேர்ந்து ஆரம்பிங்கம்மான்னு. எங்கேர்ந்துன்னேன். கடைசியிலேர்ந்துன்னுச்சு.

அதான் அவங்க மொற மதாம். தல கீழ. மொதல்லேர்ந்து சொல்லிக் குடுத்தா புள்ள பாதியில நின்னுடும், அழும், தோத்துப் போன மாதிரி ஆயிடும். அதனால மத்தத எல்லாம் நீங்களே செஞ்சிடுங்க, ஊத்துங்க, தேய்ங்க, தொவட்டுங்க, துணியும் நீங்களே போட்டு வுடுங்க. கடைசி ஒரே ஒரு வேலைய மட்டும் அவன் கையில குடுங்க. அவன் முடிச்சான்னா கை தட்டுங்க. குளியல முடிச்சி வெச்சது அவன்தான்னு அவனுக்குத் தோணணும். அது நல்லா ஊறினப்பறம் அதுக்கு முன்ன இருக்கற வேல, அப்பறம் அதுக்கும் முன்ன இருக்கறது. அப்பிடியே பின்னாடியே நடந்து போயி ஒரு நாளு மொதப் படியில நிப்பான். அன்னிக்கி அவன் தானா குளிக்கிறான்னு அர்த்தம்.

அதனாலதான் எம்புள்ள மொத மொத கத்துகினது துண்டு காயப் போடறது. மிஸ்ஸு மெட்ராசுல மூணாவது மாடியில இருக்கறவங்க, அவங்க வீட்டுக் கொடி பாத்ரூமுக்குள்ளயே இருக்குமோ என்னமோ. நம்ம கொடி நடு முத்தத்துல, உங்க வராண்டாவுக்கு நேர் கீழ இருக்குதுன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கும் சொல்லணும்னு தோணல. துணி காயற எடம் வெளியதான இருக்கும், இத போயி சொல்லுவாங்களான்னு வுட்டுட்டேன்.

ஆமா, அதுக்குதான் ஒயரு. மொதல்ல அவரோட செல்போன காதுக்கும் தோளுக்கும் நடுவுல வெச்சிகினு ஊத்திப் பாத்தேன், அது போயி தொட்டியில வுழுந்து செத்துச்சு. அப்பறம்தான் வீட்டு போனுக்கு நீளமா ஒயரு இழுத்து, பாத்ரூம் வாசல்ல ஒரு ஸ்டூலு போட்டு அதும் மேல வெச்சேன். வெசாழக்கெழம காலையில மிஸ்ஸு கூப்புடுவாங்க. நான் கதவுக்கு உள்ளேர்ந்து கத்துவேன், அவங்க போனுக்குள்ளேர்ந்து கத்துவாங்க. பக்கத்து போர்ஷன் ராமலிங்கம் சாரு கூட, என்னாம்மா பிரசவம் பாக்கறியான்னு கேப்பாரு. நீங்க ஒயரு தடுக்குது, பொணத்துக்குக் கட்டற மாதிரி வீட்டச் சுத்திக் கட்டி வெச்சிருக்கறன்னீங்க. கேட்டுகினேன்ல?

ஜோவிதாவா? ஏன் ஜோவிதாவுக்கும் இதுக்கும் என்னான்றீங்க? நல்லா கேட்டீங்க. அது தெனம் கீழ வரும் மதாம். நீங்க கோயில் பூசைக்குப் போற நேரத்துக்கு வரும். மிஸ்ஸு சொல்லியிருந்தாங்க, உங்க ஒருத்தர் குரலுக்கு மட்டும் செஞ்சா பிரயோஜனம் இல்ல, இன்னொருத்தர் சொன்னாலும் செய்யணும், வீட்ல யாராவது பழகுங்கன்னு. எங்க வீட்டுக்காரர வுட்டுப் பாத்தேன். அவரு பஸ்ஸுல படியேறவனக் கூப்புடற மாதிரி, டேய் வெற்றி வாடா வா வா, சீக்கிரம் அந்தத் துண்டத் தூக்கி எங்கனா போடுன்னாரு. புள்ள காதப் பொத்திகினு உக்காந்துட்டான். ஒரே வார்த்த, ஒரே மாதிரி, அதே இழுப்புல சொல்லணும். வெற்றி. துண்டு. கொடி. அவ்ளோதான். ஒண்ணு கூட்டினாலும் ஓடாது, கொறச்சாலும் ஓடாது.

அது ஜோவிதாவுக்கு வந்துச்சு. ஆதிக்கா நான் சொல்லட்டுமான்னு ஒரு நாளு ஆசையா கேட்டுச்சு. சொன்ன ஒடனே இவன் எந்திரிச்சான். அப்பறம் மிஸ்ஸுகிட்ட அதுவே பேச ஆரம்பிச்சிடுச்சு. இந்தப் படிப்பு எங்க படிக்கிறது, என்னா படிச்சிருக்கணும், நான் பி.எஸ்சி. முடிச்சிருக்கறேன் போதுமான்னு. அத உங்ககிட்ட சொன்னப்ப, கண்ட புள்ளைங்களுக்குக் கால் கழுவி வுடவா உன்ன இத்தினி செலவு பண்ணிப் படிக்க வெச்சேன்னு தட்டத் தூக்கி எறிஞ்சீங்களாம். கண்ட புள்ளைங்க. எம்புள்ளதான் அந்தக் கண்ட புள்ள. அதையும் கேட்டுகினேன்.

நான் எதுக்கு வேற வீடு பாத்துக்கக் கூடாதுன்னா? கதிர்காமத்துல நல்ல நல்ல வீடு காலி இருக்குதா? இருக்கட்டும். லாஸ்பேட்டையில கூட இருக்குது. வீடு கெடைக்காமயா இங்க தொங்கிகினு இருக்கறேன்? உங்க வீட்டு அழகுல மயங்கியா? மழ பேஞ்சா எங்க சமையக்கட்டுல நாலு எடத்துல ஒழுவுது மதாம்.

புரியற மாதிரி சொல்றேன், கேளுங்க. எங்க மாமனாரு செத்ததுக்கு ஊருக்குப் போனோமே, காரியம் முடியற வரைக்கும் அங்க தங்கினோமே. அங்கயும் பாத்ரூமு இருக்குது, தொட்டி இருக்குது, சொம்பு இருக்குது. இவன் கதவு முன்னாடி போயி நின்னான். நின்னான்னா நின்னுகினே இருந்தான். உள்ள கால வெக்கல. ஆணி இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம் இருக்குது, அவ்ளோதான் வித்தியாசம். திரும்பி வர்ற வரைக்கும் குளிக்கல. சொந்தக்காரங்க எல்லாம் மூக்கப் பொத்திகினாங்க. எழவு வீட்ல செத்தவரப் பத்திப் பேச்சில்ல, எம்புள்ள நாத்தத்தப் பத்திதான் பேச்சு. திரும்பி வந்து இந்தக் கதவப் பாத்ததும் தானா உள்ள போனான். மிஸ்ஸுகிட்ட கேட்டா, அவங்க கத்துக்கறது அப்பிடித்தாம்மா, எடத்தோட சேத்துக் கத்துக்கறாங்க, இங்க முழுசா முடிச்சாதான் வேற எடத்துக்கு மாத்தலாம், பாதியில எடம் மாத்தினா அத்தினியும் கலைஞ்சிடும்னாங்க.

இப்ப அவனுக்கு ரெண்டு வேலதான் பாக்கி. தாப்பா போடறதும் துணிய ஆணியில மாட்டறதும். மத்தது எல்லாம் தானா செய்றான். தண்ணி ஊத்திக்கறான், சோப்பு போட்டுக்கறான், முதுகுக்குக் கை எட்டலன்னா சுவத்துல தேய்ச்சிக்கறான், தொவட்டிக்கறான், துணி போட்டுகினுதான் வெளியவே வர்றான். என் தோளுக்கு மேல வளந்துட்டான் மதாம். இன்னும் எத்தினி நாளைக்கு நான் உள்ள நின்னு குளிப்பாட்டறது? மீச மொளைச்சப்பறமுமா? நான் இல்லன்னா யாரு ஊத்துவா, நீங்க ஊத்துவீங்களா? இந்த ரெண்டும் முடிஞ்சா, நீங்க சொல்லவே வேணாம், நானே சாமானக் கட்டிடுவேன். அது வரைக்கும் எனக்கு அந்த பாத்ரூமு வேணும். அந்தக் கதவு, அந்தத் தொட்டி, அந்த ஆணி. அத இடிக்கப் போறேன்னு வந்து நிக்கறீங்க.

ஓ. அப்ப ஞாயித்துக்கெழம ஒரு நாளு மட்டும் அவனப் பூட்டி வெச்சிட்டா போதுமா? அதுவும் போதாதா? பூட்டத் தொறந்துகினு வந்துடுவானா. தானா வந்துடுவானா.

அன்னிக்கி நடந்ததுக்கு அப்பறம் நீங்க பண்ணதெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லட்டுமா? கொடியப் புடுங்கி எறிஞ்சீங்க. எம்புள்ள கையில ஈரத் துண்ட வெச்சிகினு கொடி இருந்த எடத்துக்குக் கீழ நின்னு அழுதான், நான் ரெண்டு கையையும் நீட்டி கொடி மாதிரி நின்னேன். என் கை மேல போட்டான். அப்பறம் அவரு ராத்திரியோட ராத்திரியா ஒரு கயிறு கட்டினாரு. காலையில ஏழு மணிக்கு மேல பாத்ரூம் பக்கம் வரக் கூடாதுன்னீங்க, சரின்னேன். மாதா கோயில் வாசல்ல என்னக் கண்டதும் பத்து பேருக்கு முன்னாடி, இவ புள்ளைதான் எம்பொண்ணு வாழ்க்கைய அவுத்துப் போட்டதுன்னீங்க. நான் பூக்காரிகிட்ட பூ வாங்கினு நின்ன எடத்துல அப்பிடியே பூவ வுட்டுட்டு வந்தேன். பதிலு சொன்னனா? ஏன் சொல்லலன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? எனக்கு வாயி இல்லன்னு நெனச்சிகினீங்களா? இன்னிக்கி பாக்கறீங்கல்ல, வாயி இருக்குதா இல்லையான்னு.

தானா வந்தான், தானா வந்தான்றீங்க. அவன் தானா வர மாட்டான் மதாம்.

இல்ல, கேளுங்க. உங்களுக்குத் தெரியாது. அப்பல்லாம் அவன் கத்துகினது அந்த ஒரு வேலதான். அதுக்கும் அந்த மூணு வார்த்த காதுல வுழணும். வுழலன்னா நகர மாட்டான். ஒரு தடவ தொவட்டி துண்டக் கட்டி வுட்டுட்டு, கேஸ்காரன் வந்தான்னு வாசலுக்குப் போயிட்டேன். அவன் கூட சண்ட போட்டு, சில்லற மாத்தி, சிலிண்டர உருட்டி உள்ள வெச்சி, அப்பறம் அடுப்புல கொழம்ப வேற கிண்டிட்டு, ஐயையோன்னு ஓடிப் போயி பாக்கறேன், வெச்ச எடத்துல வெச்ச மாதிரி நிக்கறான். கதவு தொறந்தேதான் கெடக்குது. கால் வெறைச்சுப் போயிருக்குது. அப்பிடிப்பட்டவன்.

அன்னிக்கும் அதே மாதிரிதான் துண்டக் கட்டி நிக்க வெச்சிட்டு உள்ள ஓடினேன். துணி இன்னும் போட்டு வுடல. ஏன் ஓடினேன்? போன் அடிச்சிது. போன் ஏன் உள்ள இருந்துச்சு? வர்றவங்க கண்ணுல படக் கூடாது, ஒயர சுருட்டி உள்ள வெய்யின்னு மொத நாளே நீங்க சொன்னீங்க. வெசாழக்கெழம இல்லையா, மிஸ்ஸு கூப்ட்டாங்க. விருந்தாளி வர்ற நேரத்துல எதுக்குக் குளிப்பாட்டினன்னு அன்னிக்கே கேட்டீங்க, நான் தல குனிஞ்சி நின்னேன். இப்ப சொல்றேன். காலையில ஜோவிதா எறங்கி வந்துச்சு. அவங்க பத்து மணிக்கு வரல ஆதிக்கா, மத்தியானத்துக்குத் தள்ளிப் போட்டாங்க, நீ நிதானமா குளிப்பாட்டுன்னு சொல்லிட்டுப் போச்சு. நல்ல பொடவ கட்டி, தலைக்குப் பூ வெச்சிகினு வந்து சொல்லுது. மத்தியானம் வர்றவங்களுக்கு இப்பவே எதுக்குப் பூன்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல.

எங்க போன் இருக்கற ஜன்னலுக்கு நேர் மேலதான் உங்க சமையக்கட்டு ஜன்னலு. நான் போன்ல, இவன் இன்னும் உள்ள நிக்கறான் மிஸ்ஸு, இருங்க துணி போட்டு வுட்டுட்டு வந்துடறேன்னு சொல்லிகினு இருக்கறேன். அந்தாண்ட மிஸ்ஸு கேக்கறாங்க, அம்மா, பின்னாடி யாருங்க அது, எவ்ளோ தெளிவா சொல்றாங்க. அவசரப்படாம, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல நிறுத்தி. நீங்க கூட ஒரு நாளும் இவ்ளோ சுத்தமா சொன்னதில்லையேங்கறாங்க. எங்க வீட்டுக்கார மதாம் பொண்ணு மிஸ்ஸுன்னேன். ரொம்ப நல்லா வருது, அவங்களக் கண்டிப்பா நம்ம கோர்ஸுல சேரச் சொல்லுங்கன்னாங்க. நான் சரின்னு சொல்லி வாய மூடல, மேல நீங்க வீல்னு கத்தினீங்க.

அந்த மூணு வார்த்த உங்க காதுலயும் வுழுந்திருக்கும் மதாம். தெனம் கேக்கற சத்தம், அதான் ஏறல.

அன்னிக்கி சாயங்காலம் ஜோவிதா வந்து, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் ஆதிக்கான்னு என் கையப் புடிச்சிகினு அழுதுச்சு. அழுவாதன்னு ஒண்ணும் நான் சொல்லல. எம்புள்ளைய பொம்ம மாதிரி ஆட்டி வுட்டுட்ட, அவன் கத்துகின ஒரே ஒரு வேலைய ஊரே சிரிக்கிற மாதிரி பண்ணிட்டன்னு ஓங்கி ஒண்ணு வெச்சேன், கன்னத்துல. வாங்கிகினு நின்னுச்சு. மறு நாளு மறுபடி வந்து இவனுக்குக் கால்சட்ட மாட்டச் சொல்லிக் குடுத்துச்சு. அதுக்காகத்தான் இத்தினி நாளு வாயத் தொறக்கல.

சனிக்கிழம நாங்க எங்கயும் போவல. ஞாயித்துக்கெழம அவங்கள தாராளமா வரச் சொல்லுங்க, வராண்டாவுக்குக் கூட்டினு வந்து தென்னமரத்தக் காட்டுங்க. எவ வந்து எத்தினி தடவ துண்டு கொடின்னு கத்தினாலும் எம்புள்ள இப்ப துணி போட்டுகினுதான் கதவத் தொறப்பான். ஜோவிதா வேற எதனா வழிதான் பாத்தாவணும்.